யூட்டா பள்ளத்தாக்குகளில் கூடாரம் எங்கே போடலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் செம்பாறைப் பள்ளத்தாக்குகளைப் பற்றிய பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அடுத்த மாநிலமான கொலராடோவில் பதினான்கு ஆண்டுகளாக வசித்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது அந்த நிலத்தில் கூடாரம் போட்டுத் தங்கிவருபவன் என்ற முறையில், கட்டுரையாளர் பாறைகளின் நிறத்தையும் அந்தி வெளிச்சத்தையும் எழுதியிருந்த விதம் எனக்கு மனநிறைவைத் தந்தது. ஆனால், ஊரைத் தாண்டிவிட்டால் எல்லாம் வெட்டவெளிதான், பிடித்த இடத்தில் வண்டியை நிறுத்திக் கூடாரம் அடித்துக்கொள்ளலாம், கேட்பார் எவருமில்லை என்னும் பொருளில் அதில் வந்த ஒரு வரியைப் படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரை அழைத்துக்கொண்டு, வாடகைக்கு எடுத்த வண்டியில் இந்தப் பள்ளத்தாக்குகளைக் காணச் செல்லும் குடும்பங்கள் ஆண்டுதோறும் பெருகிவருகின்றன. அவர்களில் ஒரு குடும்பமாவது அந்த வரியை நம்பி இரவில் இடம் தேடி அலையக்கூடும் என்ற கவலையால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அதே எண்ணத்தோடு போய் நானே தவறு செய்திருக்கிறேன். 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தென்காசியிலிருந்து வந்திருந்த என் தாயாரையும், மனைவியையும், இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டென்வரிலிருந்து புறப்பட்டேன். நாங்கள் போகவிருந்த, யூட்டாவின் மோவாப் என்னும் சிற்றூர் அங்கிருந்து ஏறத்தாழ 570 கிலோமீட்டர். நாங்கள் கொலராடோ ஆற்றை ஒட்டிச் செல்லும் 128-ஆம் எண் நெடுஞ்சாலையில் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அந்தச் சாலையோரம் ஆற்றங்கரையில் அரசின் சிறு முகாம்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் முன்னால் ஒரு கட்டை நட்டிருக்கும். பணம் கட்டியவர் அதற்கான சீட்டை அதில் செருகிவைப்பார். ஹிட்டில் பாட்டம், பிக் பெண்ட், கூஸ் ஐலண்ட் என்று ஒவ்வொன்றாக நுழைந்து, வண்டியின் முகப்பு விளக்கில் அந்தக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்தோம். சீட்டு இல்லாத கட்டை ஒன்றுகூடத் தென்படவில்லை. வசந்தகால வார இறுதியில் அப்படித்தான் இருக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஆகவே நெடுஞ்சாலையை விட்டு விலகி ஒரு மண் சாலையில் ஏறினோம். சற்றுத் தொலைவில், புதர்களுக்கு நடுவே, சமமான மணல்பரப்பு ஒன்று கிடைத்தது. கல் இல்லை, முள் இல்லை, காற்றும் அவ்வளவாக இல்லை. முளையடித்தால் இலகுவாக இறங்கியது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றெண்ணிக் கூடாரத்தை எழுப்பி, பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சோற்றைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். என் தாயார் கைவிளக்கோடு நாலு எட்டு நடந்து சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "ஏய்யா, இது ஓடைல்லா? செத்தை எம்புட்டு ஒசரத்துல சிக்கிக் கெடக்கு பாரு" என்றார். விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். புதர்களின் கிளைகளில் இடுப்பளவு உயரத்தில், காய்ந்த புல்லும் சுள்ளியும் சேறும் ஒரே பக்கமாகச் சாய்ந்து சிக்கியிருந்தன. குற்றாலத்து மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு, மேலே பெய்த மழை கீழே எந்த உயரத்தில் வந்துபோனது என்பதைப் படித்தறிய யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாங்கள் படுக்கவிருந்தது காட்டாற்றின் படுகையில். அந்த ஊர்க்காரர்கள் அதை 'வாஷ்' என்கிறார்கள். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணலாகக் கிடந்து, சில மணி நேரம் மட்டும் ஆறாக இருக்கும் தடம் அது.

அன்றிரவு மழை பெய்யவில்லை, வெள்ளமும் வரவில்லை. ஆனால் அந்நிலத்தில் வெள்ளம் வருவதற்கு நம் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதில்லை. 1997-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று, யூட்டா எல்லைக்குத் தெற்கே அரிசோனாவில் பேஜ் என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஆன்டிலோப் மலையிடுக்கில் பதினொரு சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்தார்கள்; மழை கொட்டியது அங்கிருந்து பல மைல் தொலைவில். 2015 செப்டம்பர் 14 அன்று ஸயன் தேசியப் பூங்காவின் கீஹோல் என்னும் குறுகிய இடுக்கில் இறங்கிய ஏழு பேரும் திரும்பவில்லை. காரணம் நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் ஊர்ச் செம்மண் காடு முதல் மழையைக் குடித்துக்கொள்ளும். அங்கோ பெரும்பகுதி வெற்றுப் பாறை, மீதி இறுகிய களி. பெய்த நீர் உள்ளே இறங்க வழியின்றி அப்படியே வழிந்து, ஓடைகளில் ஒன்றுகூடி, மணலையும் மரத்தையும் பாறைத் துண்டுகளையும் அள்ளிக்கொண்டு சுவர்போல் வருகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை பெய்யும் பருவம். நம் பெற்றோர் பலர் வருவதும் அந்த மாதங்களில்தான். ஆகவே இடம் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது புதரில் சிக்கிய செத்தையை. அது எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கும் நன்கு மேலேதான் படுக்கை இருக்க வேண்டும்.

அன்று நாங்கள் இரவு பத்து மணிக்குக் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு, ஓடையை விட்டு ஏறி, சாலையின் மறுபக்கத்தில் இருந்த மேட்டுக்கு வண்டியை ஓட்டிச்சென்று மறுபடியும் அடித்தோம். ஆபத்திலிருந்து தப்பித்த நிம்மதியில் உறங்கிவிட்டோம். விடிந்து வெளியே வந்து பார்த்தபோதுதான் இரண்டாவது தவறு கண்ணில் பட்டது. மேடு முழுவதும் மண்ணின் மேற்பரப்பு கறுத்து, கரையான் புற்றுகளை விரல்நுனி அளவுக்குச் சுருக்கி நெருக்கமாக நட்டுவைத்ததுபோல் முண்டும் முடிச்சுமாக இருந்தது. அதன் குறுக்கே எங்கள் வண்டியின் இரண்டு சக்கரத் தடங்களும், ஐந்து பேரின் காலடிகளும், கூடாரம் இழுபட்ட கோடும் வெளிறிய சிவப்பில் பளிச்சென்று தெரிந்தன. என் மகள் குனிந்து ஒரு முண்டை விரலால் தொட்டாள். அது காய்ந்த அப்பளம்போல் நொறுங்கி, அடியிலிருந்து மாவு மாதிரியான செம்மணல் சரிந்தது.

அந்தக் கறுப்புத் தோல் உயிருள்ளது. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களும், பூஞ்சையும் ஆல்காவும் இணைந்த லைக்கன்களும், பாசிகளும் சேர்ந்து வாழும் படலம் அது. ஈரம் பட்டதும் இந்த நுண்ணுயிர்கள் மண்ணுக்குள் நகர்ந்து, தாம் போகும் வழியெல்லாம் பசையுள்ள மெல்லிய உறைகளை நூல்போல் விட்டுச்செல்கின்றன; மணல்துகள்களை அந்த நூல்கள்தாம் ஒன்றோடொன்று தைத்துப் பிடிக்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதும், விதை ஒட்டிக்கொள்ள இடம் தருவதும், கிடைக்கும் சொற்ப ஈரத்தைக் காப்பதும் இந்தப் படலமே. இது உடைந்தால் காற்று மணலை அள்ளிக்கொண்டு போய் அருகிலுள்ள நல்ல படலத்தையும் மூடிவிடும். வெயில் எட்டாமல் அதுவும் சாகும். ஒரு மிதியில் உடைவது திரும்பத் தழைக்க, மழை பெய்வதைப் பொறுத்துப் பல ஆண்டுகள் ஆகும். லைக்கனும் பாசியும் திரும்பி வர அதைவிடப் பல மடங்கு காலம், பல பத்தாண்டுகள்கூடப் பிடிக்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மேட்டின் வழியாகப் போனபோது சாலையில் நின்று பார்த்தேன். எங்கள் வண்டித் தடம் அப்படியே இருந்தது. எங்களைப் பார்த்து வேறொரு வண்டியும் அதே வழியில் ஏறியிருந்தது.

இதனால்தான், 'நல்ல இடம் கண்டுபிடித்தோம்' என்று யாராவது பெருமையோடு சொல்லும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது. பள்ளத்தாக்கு நிலத்தில் இதுவரை யாரும் தங்காத இடத்தைத் தேடிப் போவது சிறப்பன்று. முன்பே பலர் தங்கி, மண் இறுகி, புல் முளைக்காமல் போன இடமோ, வெறும் பாறையோ, சரளையோதான் கூடாரத்துக்கு ஏற்றது. அங்கே இன்னும் ஓர் இரவு தங்குவதால் புதிதாக எதுவும் கெடுவதில்லை. மோவாபைச் சுற்றியுள்ள மண் சாலைகளில் பலவும் 1950-களில் யுரேனியம் தேடியவர்கள் போட்டவை. கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவுக்குள் சுமார் 160 கிலோமீட்டர் சுற்றிவரும் ஒயிட் ரிம் சாலையும் அந்தக் காலத்தில் அமைந்ததுதான். அப்படி எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஓட்டிய வண்டியின் தடம் இன்றும் பாலையின் குறுக்கே பல இடங்களில் தெரிகிறது என்றால், நம் சக்கரத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி, 'கேட்பார் எவருமில்லை' என்பதைப் பற்றி. நம் ஊரில் வேலியில்லாத தரிசைப் பார்த்தால் புறம்போக்கு என்று நினைத்துவிடுவோம். யூட்டாவிலும் வேலி இல்லை. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். தேசியப் பூங்காக்கள் ஒரு துறையின் கீழ் வருகின்றன. மாநிலப் பூங்காக்கள் வேறு. மலைக்காடுகள் வனத்துறையின் கீழ். பூர்வகுடி நாடுகளின் நிலம் அவரவர் அரசின் கீழ். இவற்றுக்கு இடையில் கிடக்கும் மிகப் பெரும் பரப்பு, 1946-இல் தொடங்கப்பட்ட நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. எல்லாரும் பி.எல்.எம். என்றே சொல்வார்கள். யூட்டாவில் மட்டும் அதன் வசம் சுமார் 2.3 கோடி ஏக்கர். கட்டணமில்லாமல், முன்பதிவு இல்லாமல் தங்கலாம் என்று கட்டுரையாளர் கேள்விப்பட்டது இந்த நிலத்தைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். அது உண்மைதான், பொதுவாக ஒரே இடத்தில் 14 நாட்கள் வரை தங்க அனுமதி உண்டு. ஆனால் மோவாப் போன்ற, கூட்டம் மிகுந்த ஊரைச் சுற்றி அந்தப் பொது விதி பொருந்தாது. ஆற்றோரச் சாலையிலும், ஊரை ஒட்டிய பல சாலைகளிலும், குறித்துவைத்த இடங்களைத் தவிர வேறெங்கும் தங்கக் கூடாது. பல பகுதிகளில் கையோடு கொண்டுவரும் கழிப்பறைக் கலம் இல்லாமல் தங்குவதே குற்றம். விறகு பொறுக்கவும் தடை. அன்றைக்கு நாங்கள் தங்கிய மேடும் தங்கக் கூடாத பகுதியில் இருந்தது என்பதைப் பின்னர் வரைபடத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

இந்தக் கட்டுப்பாடுகளை அதிகாரிகளின் கெடுபிடி என்று குறைசொல்வோரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்கு 2021-ஆம் ஆண்டு மட்டும் 18 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அந்தப் பூங்காவின் ஒரே வாகன முகாமான டெவில்ஸ் கார்டனில் 51 இடங்கள். பக்கத்திலுள்ள கேன்யன்லேண்ட்ஸில் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதி முகாமில் 12, நீடில்ஸ் பகுதி முகாமில் 26. குழுக்களுக்கான இடங்களையும் சேர்த்துக் கூட்டினால்கூட நூறு தேறாது. மீதிப் பேர் அனைவரும் அவரவர் விருப்பப்படி சுற்றுப்புறத்தில் படுத்தெழுந்தால் அந்த நிலம் எத்தனை நாள் தாங்கும்? ஆண்டுக்குப் பத்து அங்குலத்துக்கும் குறைவாக மழை பெய்யும் மண்ணில் மனிதக் கழிவு எளிதில் மட்குவதில்லை. புதைத்தாலும் அப்படியே கிடந்து, அடுத்த வெள்ளத்தில் வெளியே வரும். கலத்தில் சேர்த்து ஊருக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது கேட்க அருவருப்பாக இருக்கலாம். அப்படிச் செய்யாதவர்கள் தங்கிப்போன இடத்தில் காலையில் பிள்ளைகளோடு நடந்து பார்த்தவர்கள் அந்த விதியை மனமார ஏற்றுக்கொள்வார்கள்.

அப்படியானால் இடம் எப்படித்தான் கிடைக்கும்? என் அனுபவத்தில், பயணத் தேதி முடிவான உடனேயே இடத்தையும் முடிவு செய்கிறவர்களுக்குத்தான் கிடைக்கிறது. டெவில்ஸ் கார்டனில் மார்ச் முதல் அக்டோபர் வரையிலான இரவுகளுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கும். அன்றே பதிவு செய்ய வேண்டும். தாயகத்திலிருந்து பெற்றோர் வரும் விமானச் சீட்டை எடுக்கும்போதே இதையும் முடித்துவிடலாம். பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே அமைந்துள்ள டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்காவுக்கும் முன்பதிவு அவசியம். ஐலண்ட் இன் த ஸ்கை முகாமில் பதிவே கிடையாது. முந்தி வருபவருக்கு இடம். ஆற்றோர முகாம்களிலும் நான் தங்கிய காலங்களிலெல்லாம் தனி இடங்களுக்கு அதே முறைதான். இங்கெல்லாம் மாலையில் போய் நிற்பது வீண். முதல்நாள் தங்கியவர்கள் காலையில் கூடாரத்தை மடித்துப் புறப்படும் வேளையில், அதாவது எட்டிலிருந்து பத்து மணிக்குள், போய் நிற்க வேண்டும். அதற்காக முதல் இரவு வழியிலுள்ள வேறோர் ஊரில் விடுதியெடுத்துத் தங்கினாலும் பாதகமில்லை. வெள்ளி, சனி இரவுகளைத் தவிர்த்து ஞாயிறு முதல் வியாழன் வரை திட்டமிட்டால் பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

மோவாபை மட்டுமே எல்லாரும் சுற்றிவருவதுதான் நெருக்கடிக்குப் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் நேச்சுரல் பிரிட்ஜஸ் என்னும் 'தேசிய நினைவிடம்', அதாவது பூங்காபோல் அரசு காக்கும் நிலம், இருக்கிறது. இரவு வானத்தின் இருளைப் பேணும் பூங்கா என்ற பன்னாட்டு அங்கீகாரத்தை 2007-ஆம் ஆண்டு உலகிலேயே முதலாவதாகப் பெற்றது அதுதான். அங்கே 13 இடங்களே உள்ள சிறு முகாமில், ஜூனிப்பர் மரங்களுக்கிடையே என் தாயார் ஓர் இரவு முழுவதும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பால்வீதியை அவ்வளவு தெளிவாகத் தம் சிறுவயதில் களத்துமேட்டில் படுத்திருந்தபோது பார்த்ததற்குப் பிறகு இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். இன்னும் தெற்கே போனால் கூஸ்நெக்ஸ் மாநிலப் பூங்கா. சான் வான் ஆறு சுமார் 300 மீட்டர் ஆழத்தில் பாம்புபோல் வளைந்தோடுவதை விளிம்பிலிருந்தே பார்க்கலாம், அங்கேயே தங்கவும் செய்யலாம். சிறு பிள்ளைகள் இருந்தால் அந்த விளிம்பு வேண்டாம். அதற்கருகில் வேலி ஆஃப் த காட்ஸ் என்னும் வெளியின் ஊடாகச் செல்லும் 27 கிலோமீட்டர் சரளைச் சாலையோரம், முன்பே வண்டிகள் நின்று இறுகிய இடங்களில் தங்கிக்கொள்ளலாம். கோடையில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. மோவாப் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலையில் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும், கூடாரத்துக்குள் இருக்க முடியாது. ஊருக்குக் கிழக்கே தெரியும் லா சால் மலைமேல் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் வார்னர் ஏரிக்கரையில் வனத்துறை முகாம் ஒன்று உண்டு. இரவில் மலைமேல் போர்வைக்குள் தூங்கி, விடியற்காலையில் பள்ளத்தாக்குக்கு இறங்கிப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் மறுபடி மேலேறிவிடுவது வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு மிகவும் உகந்தது.

வண்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் சாலை, காய்ந்திருக்கும்போது சாதாரணக் காரும் போகக்கூடியதாக இருக்கும். அரை மணி நேர மழைக்குப் பின் அதே களிமண் சோப்புத் தடவியதுபோல் ஆகி, நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியையும் பள்ளத்தில் தள்ளிவிடும். அப்படிச் சிக்கினால் காய்கிறவரை அங்கேயே காத்திருப்பது தவிர வழியில்லை. கைபேசிச் சமிக்ஞை பெரும்பாலான இடங்களில் கிடையாது. வாடகை வண்டி ஒப்பந்தங்கள் பலவற்றில், தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கும். சிக்கிய வண்டியை இழுக்கும் செலவு முழுவதும் நம் தலையில்தான் விழும். எனவே வாடகை வண்டியில் வரும் குடும்பம் தார்ச் சாலை போய்ச்சேரும் முகாமையே தேர்ந்தெடுப்பது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்கள் ஏமாந்துபோவதை அடிக்கடி பார்க்கிறேன். முகாம் என்றால் குழாய் இருக்கும் என்று நினைத்து வந்துவிடுகிறார்கள். ஐலண்ட் இன் த ஸ்கை முகாமிலும் ஆற்றோர முகாம்களிலும் குடிநீர்க் குழாய் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு லிட்டர் குடிக்க மட்டும் வேண்டும்; சோறு வடிக்கிற சமையல் என்றால் இன்னும் கூடுதலாக வேண்டும். பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீரைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவவோ, கால் நனைக்கவோ கூடாது. அந்தக் குழிகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு குளம்; நீர் வற்றிய பின்னும் மண்ணோடு மண்ணாக முட்டையாய்க் காத்திருந்து, அடுத்த மழையில் பொரித்து, காய்வதற்குள் முட்டையிட்டு முடித்துவிடும் சிற்றிறால்கள் அவற்றில் வாழ்கின்றன. நம் உடலில் பூசிய களிம்பும் கையிலுள்ள எண்ணெயும் அந்த நீரைக் கெடுத்துவிடும். என் தாயார் பழக்கத்தின்படி வடிகஞ்சியை ஒரு மரத்தடியில் ஊற்றப் போனபோது, பருக்கைகளை வடிகட்டிப் பையில் கட்டிவிட்டு, நீரை மட்டும் தொலைவில் பரவலாகத் தெளிக்க வேண்டும் என்று சொன்னேன். சோற்றுக்குப் பழகிய அணில்களும் காக்கைகளும் அந்நிலத்தில் பிழைக்கும் வழியை மறந்துவிடும் என்பதைக் கேட்டதும் அவரே பருக்கைகளைப் பொறுக்கி எடுத்தார்.

பூர்வகுடி மக்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு வருத்தமளித்தது. நேச்சுரல் பிரிட்ஜஸுக்கு அருகிலுள்ள பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவிடம், ஹோப்பி, நவாஹோ, ஸூனி, யூட் மவுன்டன் யூட், யூன்டா - யூரே நிலத்து யூட் ஆகிய ஐந்து பூர்வகுடி நாடுகள் ஒன்றுகூடிக் கேட்டதன் பேரில் 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பெருமளவு குறைக்கப்பட்டு, 2021 அக்டோபரில் சுமார் 13.6 லட்சம் ஏக்கருக்கு மீட்கப்பட்டது. அங்கே பாறைக் குடைவுகளில் அவர்களின் முன்னோர் கட்டிய வீடுகளும் தானியக் குதிர்களும் பல நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கின்றன. சுவரில் பூசிய சேற்றில் அதைப் பூசியவரின் விரல் பதிவை நான் பார்த்திருக்கிறேன். மழைக்கு ஒதுங்க நல்ல இடம் என்று அத்தகைய குடைவுக்குள் கூடாரம் போடுவதும், அடுப்பு மூட்டுவதும் அவற்றைக் கெடுத்துவிடும்; அங்கே கிடக்கும் பானை ஓட்டை எடுத்துவருவதோ 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படித் தண்டனைக்குரியது. கீழடியிலோ ஆதிச்சநல்லூரிலோ ஒருவர் அடுப்பு மூட்டினால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் சட்டத்தை எடுத்துச் சொல்லவும் தேவையிருக்காது. இதேபோல, நவாஹோ நாட்டு நிலத்தில் அவர்களுடைய அனுமதி பெறாமல் எங்கும் தங்கக் கூடாது. மானுமென்ட் வேலியின் புகழ்பெற்ற பாறைகள் அந்த நிலத்தில்தான் இருக்கின்றன.

ஆசிரியர் அவர்களே, பயணக் கட்டுரைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அத்தகைய கட்டுரை ஒன்றைப் படித்துத்தான் நானும் முதன்முதலில் அங்கே போனேன். தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. முதலாவது, மேலே குறிப்பிட்ட வரிக்கு ஒரு திருத்தத்தை வரும் ஞாயிறு இணைப்பிலேயே வெளியிட வேண்டும். கோடைப் பயணங்களுக்கான காலம் நெருங்கிவிட்டது. இரண்டாவது, இனி இத்தகைய இடங்களைப் பற்றி எழுதும்போது, அங்கே இரவு எங்கே தங்கலாம், பதிவு எப்போது திறக்கும், தண்ணீர் உண்டா, எந்த மாதம் வெள்ள அபாயம் உள்ளது, அது யாருடைய நிலம் என்பவற்றைப் படத்துக்குப் பக்கத்தில் நான்கு வரியில் சேர்க்க வேண்டும். தங்கள் கட்டுரையாளருக்கு வரைபடங்களோ, முகாம் விவரங்களோ தேவைப்பட்டால், நான் சேர்த்துவைத்திருப்பவற்றை மகிழ்ச்சியோடு அனுப்பிவைக்கிறேன். வரும் அக்டோபரில் என் தாயார் மறுபடியும் வருகிறார். நீடில்ஸ் முகாமில் மூன்று இரவுகளுக்குப் பதிவு செய்துவிட்டேன். சேதி சொன்னதும், அந்த இடம் ஓடைக்கு மேலேதானே இருக்கிறது என்பதைத்தான் தொலைபேசியில் முதலில் கேட்டார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
டென்வர், கொலராடோ.